பதினொரு ஜாயின்ட்டும் இரண்டு வல்லரசுகளும்

போன மாதம் கன்னியப்பன் பட்டறையில் மூன்று லேத் ஓடவில்லை. அமெரிக்காவுக்குப் போக வேண்டிய, பைப் இணைக்கிற ஃபிளாஞ்சுகள் எண்ணெய் தடவி, பாலித்தீன் சுற்றி, மரப்பெட்டிக்குள் தயாராகக் கிடந்தன. அங்கே இறக்குமதி வரியை ஏற்றிவிட்டார்கள். சரக்கு வாங்குகிற கம்பெனி ‘மறு தகவல் வரும்வரை அனுப்ப வேண்டாம்’ என்று மெயில் போட்டுவிட்டு அடங்கிவிட்டது.

கன்னியப்பன் வெள்ளானூர்க்காரன். நெல் விளைத்த குடும்பம். நிலம் பிளாட் ஆன பிறகு வெல்டர் ஆனான். என்னோடு வெளிநாட்டில் வேலை பார்த்தான். திரும்பி வந்து அம்பத்தூர் எஸ்டேட்டில் இந்தப் பட்டறையைப் போட்டான். ஓய்வுக்குப் பிறகு எனக்கு வீட்டில் உட்கார முடிவதில்லை. ஆவடியில் ரயில் ஏறி, தினமும் காலையில் அவன் பட்டறைக்குப் போய் நின்றுகொண்டிருப்பேன். அன்றைக்கு அவன் போனில் செய்தி பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினான்.

“இன்னா மாமே, அந்த ஊரு ஆளுங்களுக்கு நம்ம மேல இன்னா காண்டு? நாம இன்னா பண்ணோம்?”

“உன் மேல ஒரு காண்டும் இல்ல. நீ ஒருத்தன் கீறதே அவனுக்குத் தெரியாது. அவன் ஊர்ல எவனுக்கோ வாக்குக் குடுத்துட்டான். அத்தக் காப்பாத்திகினு கீறான்.”

“இத்த எழுதிக் குடு. சங்கத்து மலர்ல போடலாம்.”

சிறுதொழில் சங்க மலரில் வருஷா வருஷம் ஓய்வு பெற்ற ஒருவரிடம் அனுபவம் கேட்டு வாங்கிப் போடுவார்கள். இந்த முறை அந்த வேலை கன்னியப்பன் தலையில். நான் எட்டாவதோடு நின்றவன், எழுத்து எனக்குத் தொழில் இல்லை என்றேன். ‘அந்தப் பைப் கதையை எழுது, போதும்’ என்றான். இதை எழுத உட்கார்ந்து நாலு முறை எழுந்து தெருவில் நடந்துவிட்டு வந்திருக்கிறேன். அப்படியும் எழுதி முடிக்கக் காரணம், அந்தப் பைப்பில் என் கையும் இருக்கிறது.

பூந்தமல்லியில் பள்ளிக்கூடத்தை விட்ட வருஷமே அம்பத்தூரில் ஒரு வால்வு கம்பெனியில் ஹெல்பராகச் சேர்ந்தேன். வால்வுக்குள் தண்ணீர் ஏற்றி, அழுத்தம் கொடுத்து, ஒழுகுகிறதா என்று பார்க்கிற டெஸ்ட் பெஞ்சில் போட்டார்கள். ஆறு வருஷம் தண்ணீரில் நின்று கால்விரல் இடுக்கெல்லாம் புண். அந்தப் பெஞ்சில் கற்றதை வைத்துத்தான் பிறகு பிழைத்தேன். ஓர் இடத்தில் இரண்டு வருஷம் தாண்டினால் எனக்குக் கால் நிற்காது. கம்பெனி மாறினேன், ஊர் மாறினேன், வளைகுடாவில் மூன்று நாடு பார்த்தேன். ஏஜெண்ட் ஏமாற்றி ஒரு முறை விமான நிலையத்தில் ஒன்பது நாள் கிடந்தேன். அதெல்லாம் எல்லோருக்கும் நடப்பதுதான்.

அந்தப் பைப் வேலை ஆப்பிரிக்காவில் ஒரு சின்ன நாட்டில். நாட்டின் பெயர் வேண்டாம். அங்கே இன்னும் வேலையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள். ஆறு ஒன்று, ஆற்றங்கரையில் பம்ப் ஹவுஸ், அதை அடுத்துப் பள்ளத்தில் சந்தை, சந்தைக்குப் பின்னால் மலை. மலைச்சரிவு முழுக்க வீடுகள். ஆற்றுத் தண்ணீரைச் சுத்தம் செய்து, சந்தைக்கு அடியில் பைப் போட்டு, மலை உச்சி வரை ஏற்ற வேண்டும். அதுதான் மொத்த வேலையும்.

உச்சியில் கடைசி வீடு மூசாவுடையது. மூசா அந்த ஊர் தண்ணீர் இலாகாவின் பம்ப் ஆபரேட்டர். அவன் மனைவியும் அவனும் முறை வைத்து மலை இறங்கி, ஆற்றில் பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் பிடித்து, முதுகில் கட்டி ஏறுவார்கள். நான் முதல் நாள் அவனைப் பார்த்தபோது, தண்ணீர் இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டு குளிக்காமல் வருகிற ஆள் உலகத்திலேயே தான் ஒருவன்தான் என்று அரைகுறை இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தான். எனக்கும் அதே அரைகுறை இங்கிலீஷ்தான். அதனால் நன்றாகப் புரிந்தது.

வேலையைத் தொடங்கியது அமெரிக்க அரசின் உதவிப் பணத்தில் வந்த ஒரு கம்பெனி. சைட் மேனேஜர் பெயர் டேல். உயரமான ஆள், வெயிலில் மூக்கு எப்போதும் உரிந்திருக்கும். காலையில் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்துக் கால்மணி நேரம் பாதுகாப்பு பற்றிப் பேசுவார். யாருக்கும் அடி படாவிட்டாலும், அடி பட்டிருக்கக்கூடிய சம்பவத்துக்கு ஒரு படிவம் உண்டு. நான் ஒரு நாள் ஸ்பேனரைக் கை தவறவிட்டேன். யார் காலிலும் விழவில்லை. அதற்கு இரண்டு பக்கம் எழுதினார். போனில் தன் மேலதிகாரியோடு மேசை மேல் காலைப் போட்டுக்கொண்டு சண்டை போடுவார். ‘நீங்கள் சொல்வது தவறு’ என்று மேலதிகாரியிடம் சொல்லுகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அந்த டேல் பயந்து பார்த்தது ஒரே ஒரு தடவை. அவருடைய நாட்டுப் பார்லிமென்டிலிருந்து இரண்டு பேர் கேமராக்காரனோடு வந்தார்கள். பைப்பின் மேல் ஒட்டிய கொடி ஸ்டிக்கர் தெரிகிற மாதிரி பைப்பைத் திருப்பிப் போடச் சொன்னார்கள். எல்லாப் பைப்பையும் கிரேன் வைத்துத் திருப்பினோம், அரை நாள் போயிற்று. அவர்கள் போன பிறகு டேல் என்னிடம், “என் முதலாளி இவங்க இல்லை” என்றார். “எங்க ஊர்ல ஒரு விவசாயி. அவன் கிணறு வத்திப் போச்சு. என் வரிப்பணத்துல வேற எவனுக்கோ ஏன் தண்ணின்னு கேக்கறான். இவங்க ரெண்டு பேருக்கும் அவன் ஓட்டு வேணும்.”

அப்போது எனக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

இனி ஜாயின்ட் விஷயம். ஒரு பைப்பின் முனையை அடுத்த பைப்பின் வாய்க்குள் நுழைத்து, இடையில் ரப்பர் வளையம் கொடுத்து, அதன் மேல் இரும்பு வளையம் வைத்து, எட்டு போல்ட்டால் இழுத்துக் கட்டுவோம். எங்கள் சைட்டில் வேலை இரண்டு கட்டமாக நடக்கும். முன்னால் போகிற கோஷ்டி போல்ட்டுகளை வெறும் கையால் திருகிவிட்டுப் போகும். அதற்குப் பெயர் கை டைட். பின்னால் நான், இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் எடுத்துக்கொண்டு வந்து, எதிரெதிர் போல்ட்டாக மூன்று சுற்று முடுக்குவேன். முன் கோஷ்டிக்கும் எனக்கும் இடையில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு ஜாயின்ட் கை டைட்டிலேயே நிற்கும். அது குற்றமில்லை, வேலை நடக்கும் விதம்.

சந்தைக்கு நடுவில் பள்ளம் தோண்டிப் பைப் இறக்கிக்கொண்டிருந்த நாளில், காலை பத்து மணிக்கு டேல் பள்ளத்தின் ஓரத்தில் வந்து நின்று கையை உயர்த்தினார். அவர்கள் நாட்டில் பட்ஜெட் பாஸாகவில்லை. இரண்டு கட்சிகளும் முறுக்கிக்கொண்டு நிற்கின்றன. அரசாங்கப் பணத்தில் நடக்கும் வேலை அந்த நிமிஷமே நிற்க வேண்டும். என் கையில் ரெஞ்ச். எனக்கு முன்னால் பதினொரு ஜாயின்ட்.

பதினொன்றுதான், சாயங்காலத்துக்குள் முடித்துவிடுவேன், கூலி வேண்டாம் என்றேன். டேல் தலையை ஆட்டினார். உத்தரவுக்குப் பிறகு செய்கிற வேலைக்கு இன்சூரன்ஸ் கிடையாது, அனுமதித்தால் அவர் மேல் கேஸ் வரும். “ரெஞ்சைக் கீழே வை, செல்வம்” என்றார். வைத்தேன்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சந்தை நடுவில் திறந்த பள்ளத்தை விட்டுப் போகக்கூடாது என்று இன்னொரு விதி இருந்தது. பாதுகாப்புக்காக மூடுவது ‘வேலை’ ஆகாதாம். ஆக, போல்ட்டை முடுக்கக்கூடாது, மண்ணைத் தள்ளலாம். கை டைட்டில் இருந்த பதினொரு ஜாயின்ட்டின் மேலும் மண்ணைத் தள்ளினோம். டேல் முடியாத வேலைகளின் பட்டியல் ஒன்றை எழுதி, ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் வால்வுக் குழியிலிருந்து எத்தனை மீட்டர் என்று படம் போட்டார். அளவு டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன் நான்; அளவுகளை என் நோட்டிலும் குறித்துக்கொண்டேன். மூன்று வாரத்தில் திரும்பி வந்து தோண்டி முடித்துவிடலாம் என்று எல்லோரிடமும் கை கொடுத்துச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் பட்ஜெட்டும் பாஸானது. ஆனால் அடுத்து தேர்தல் வந்தது, ஆட்சி மாறியது, புது ஆட்சி அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. அந்த விவசாயி கேட்டது நடந்துவிட்டது. பாதியில் கிடக்கும் பைப்பைப் பற்றி அவர்கள் ஊர்ப் பத்திரிகை படத்தோடு எழுதியதாக டேல் எனக்குத் தகவல் அனுப்பினார். யார் யார் தவறு செய்தார்கள் என்று விலாவாரியாக இருந்தது என்றார். படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் படித்திருப்பார்கள். ஒருவரும் வந்து தோண்டவில்லை.

நான் ஊருக்கு வந்து, அங்கிருந்து வளைகுடா, அங்கிருந்து குஜராத் என்று சுற்றினேன். இரண்டு வருஷம் கழித்து அம்பத்தூர் பம்ப் கம்பெனி ஒன்றில் இருந்தபோது, அதே ஊருக்குப் பம்ப் அனுப்புகிறார்கள் என்றார்கள். இப்போது வேலை எடுத்திருப்பது ஒரு சீனக் கம்பெனி. பம்ப்போடு போய்ப் பொருத்தி, லைனை டெஸ்ட் செய்து கொடுக்க இரண்டு ஆள் வேண்டும். கன்னியப்பனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அங்கே போய் இறங்கினால் ஊரே அதிர்ந்துகொண்டிருந்தது. டேல் ஒன்றரை வருஷத்தில் செய்யாததை இவர்கள் இரண்டு மாதத்தில் செய்திருந்தார்கள். பாதுகாப்புப் பேச்சு இல்லை, படிவம் இல்லை. சைட் வாசலில் ஒரு சிவப்புப் பேனர், அதில் திறப்பு விழாத் தேதி. அவர்கள் தலைநகரிலிருந்து ஒரு பெரிய தலைவர் அந்த நாட்டுக்கு வருகிறார். அவர் வரும் நாள்தான் திறப்பு. மழை வந்தாலும் தேதி அதுதான், பைப் வராவிட்டாலும் தேதி அதுதான்.

மேனேஜர் லின். ஒல்லியான ஆள், ஃபிளாஸ்கில் வெந்நீரும் தேயிலையும் எப்போதும் கையில் இருக்கும். யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. தொழிலாளிகளோடு உட்கார்ந்து அதே கஞ்சியைக் குடிப்பார், அதே தகரக் கொட்டகையில் படுப்பார். ஆனால் மேலிடத்திலிருந்து போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். ஆபீஸில் வேறு யாருமே இல்லாதபோதும் அப்படித்தான். நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்; சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டு நிற்பார். கன்னியப்பன், “இன்னா மாமே, போன்ல பட்டன் தெரியுமா?” என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முதல் வாரத்திலேயே லைனை நடந்து பார்த்தேன். ஆற்றிலிருந்து சந்தை வரை புதுப் பைப். மலையில் புதுப் பைப். சந்தைக்கு அடியில் மட்டும் தோண்டின தடமே இல்லை. டேல் காலத்தில் புதைத்த பைப்பை அப்படியே இரண்டு பக்கமும் இணைத்திருந்தார்கள்.

அன்றைக்கே நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டேலிடம் வேலை பார்த்தவன் என்று தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயம். இன்னொன்று, டேலின் பட்டியல் இவர்களிடம் வந்திருக்கும், திறந்து முடுக்கியிருப்பார்கள், பிறகு மேலே தளம் போட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எப்படியும் டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும் என்றும் நினைத்தேன். டெஸ்ட் பெஞ்சில் வளர்ந்தவன் செய்கிற தவறு இது: டெஸ்ட் இருக்கிறது என்கிற தைரியத்தில் வாயைத் திறக்காமல் இருப்பது.

விழாவுக்கு எட்டு நாள் முன்னால் டெஸ்ட். லைனை மெதுவாகத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். மேடான இடங்களில் உள்ள வால்வுகளைத் திறந்து காற்றை வெளியேற்ற வேண்டும்; காற்று தங்கினால் அழுத்தம் காட்டுகிற காஜ் பொய் சொல்லும். ஒரு நாள் முழுக்க ஊறவிட வேண்டும். பிறகு டெஸ்ட் பம்ப்பால் அழுத்தம் ஏற்ற வேண்டும். எங்கள் பேச்சில் அழுத்தத்தைக் கிலோ என்போம். ஒரு கிலோ அழுத்தம் தண்ணீரைப் பத்து மீட்டர் உயரத்துக்குத் தூக்கும். மூசாவின் வீடு சந்தையிலிருந்து எண்பது மீட்டர் உயரத்தில். அங்கே குழாயில் தண்ணீர் வர வேண்டும் என்றால் சந்தைக்கு அடியில் உள்ள பைப் எட்டுக் கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும். டெஸ்ட்டுக்கு அதில் ஒன்றரை மடங்கு, பன்னிரண்டு. பன்னிரண்டில் நிறுத்தி வால்வை அடைத்துவிட்டு, நாலு மணி நேரம் முள் இறங்காமல் இருக்க வேண்டும்.

பன்னிரண்டு வரவேயில்லை. ஒன்பதைத் தொட்டதும் முள் சறுக்கியது. மறுபடி ஏற்றினோம், மறுபடி சறுக்கியது. மூசா எங்களோடு பம்ப் ஹவுஸில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சந்தையில் மீன்காரிகள் தரை ஈரமாகிறது என்று சத்தம் போடுவதாக ஆள் வந்து சொன்னான்.

“மாமே, மூஞ்சி ஏன் இப்டி போவுது?” என்றான் கன்னியப்பன். “இன்னா சமாச்சாரம், சொல்லு.”

சொன்னேன். மூசாவுக்கும் அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். கன்னியப்பன் டெஸ்ட் பம்ப்பை நிறுத்திவிட்டு, “போய் அந்த ஆளாண்ட சொல்லிடு. இல்ல, நானே சொல்லிடுவேன்” என்றான்.

லின் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார். எத்தனை ஜாயின்ட், எந்த இடம், வேறு யாருக்குத் தெரியும். பதினொன்று, அளவு என் நோட்டில் இருக்கிறது, எனக்கும் கன்னியப்பனுக்கும் மூசாவுக்கும்தான் தெரியும் என்றேன். அவர் என்மேல் கோபப்படவில்லை. ஃபிளாஸ்கைத் திறந்து திறந்து மூடினார். மேலே அனுப்பிய அறிக்கையில் லைன் முழுக்கப் புதுப் பைப் என்று எழுதியிருந்தார். தேதிக்குள் முடிக்க வேறு வழி இருக்கவில்லை. அமெரிக்கக் கம்பெனியிடம் பழைய காகிதங்களைக் கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டால் பழைய பைப் இருப்பது தெரிந்துவிடும் என்றார்.

“பத்து நாள் தள்ளி வையுங்கன்னு மேலே சொல்லுங்க சார்.”

“எனக்கு மேலே ஏழு பேர்,” என்றார். “வேலை முடிஞ்சதுன்னு நான் ஒருத்தருக்குச் சொன்னேன். அவர் அடுத்தவருக்குச் சொன்னார். இப்போ ஏழு பேரும் சொல்லியாச்சு. நான் இல்லைன்னு சொன்னா ஏழு பேரும் பொய் சொன்னதா ஆகும். அதை யாரும் கேக்க விரும்ப மாட்டாங்க.”

அவர் சொன்னதில் ஒளிவு இல்லை. டேலுக்குக் கீழே இருந்து பயம், இவருக்கு மேலே இருந்து பயம். இடையில் மாட்டியது மூசாவின் ஊர்.

ஆனால் லின் சும்மா இருக்கவில்லை. அன்று மத்தியானமே சந்தையில் ‘விழாவுக்காக மழைநீர்க் கால்வாய்ச் சீரமைப்பு’ என்று பலகை வைத்தார். அந்த வேலைக்கு மேலே அனுமதி தேவையில்லை. கால்வாய் என்ற பெயரில் என் அளவுப்படி குழி தோண்டினோம். நானும் கன்னியப்பனும் குழிக்குள் குப்புறப் படுத்து முடுக்கினோம். லின் தானே வந்து டார்ச் பிடித்தார். நாலு நாளில் எட்டு ஜாயின்ட் முடிந்தது.

மீதி மூன்றின் மேலே விழா மேடை. அது பலகை மேடை இல்லை. நட்புச் சின்னம் என்று கான்கிரீட் பீடம், அதன் மேல் கருங்கல், கல்லில் இரண்டு நாட்டு எழுத்திலும் தலைவர்கள் பெயர். நாங்கள் தோண்டத் தொடங்குவதற்கு முதல் நாள்தான் கான்கிரீட் ஊற்றியிருந்தார்கள். அதை உடைக்க லின்னால் முடியாது. அந்த ஊரில் யாராலும் முடியாது.

மூசா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். “என் வீட்டுக்கு ஏறுமா, ஏறாதா?”

மூன்று ஜாயின்ட் கை டைட்டில் இருக்கும்போது நாலு கிலோவுக்கு மேல் போக நான் விட மாட்டேன் என்றேன். நாலு கிலோ என்றால் மலையில் பாதி. போல்ட் கழன்று ஒரு பைப் வாயைவிட்டு வெளியே வந்தால் பீடத்தோடு தூக்கி எறியும். விழா நாளில் அந்த இடத்தில் ஊரே நிற்கும். அவன் கேட்டுக்கொண்டு, பாதிக்கு மேலே இருப்பவர்களிடம் இதை யார் சொல்வது என்றான்.

டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்து கேட்டார் லின். எட்டு ஜாயின்ட்டை முடுக்கிய பிறகு மறுபடி செய்த டெஸ்ட்டில் முள் நின்ற அளவைத்தான் எழுதினேன்: நாலு கிலோ, நாலு மணி நேரம், இறங்கவில்லை. அவர் அதை வாங்கிப் படித்தார். மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். பிறகு வேறொரு தாளில் தன் மொழியில் எதையோ எழுதி, தானே கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தார். என்னைப் போடச் சொல்லவில்லை.

விழா நாளில் நானும் மூசாவும் பம்ப் ஹவுஸில். புதுப் பம்ப் ஓடினால் பத்துக் கிலோ கொடுக்கும். அதைக் குறைக்க ஒரு பைபாஸ் லைன் வைத்திருந்தேன். வால்வைத் திறந்தால் பாதித் தண்ணீர் லைனுக்குப் போகாமல் ஆற்றுக்கே திரும்பிவிடும். காஜில் நாலு நிற்கிற மாதிரி திறந்துவைத்தேன். பாட்டுச் சத்தம் இங்கே வரை கேட்டது. போனில் லின் ‘திற’ என்றார், லைனின் மெயின் வால்வைத் திறந்தேன். மேடைக்கு முன்னால் வைத்திருந்த நீரூற்று எழும்பியது என்று கை தட்டல் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஐந்து நிமிஷத்தில் மறுபடி போன். லின்னின் குரல் வேறாக இருந்தது. பக்கத்தில் யாரோ பெரிய ஆள் நிற்கிறார் என்று புரிந்தது.

“நீரூற்று உயரம் போதாதுன்னு சொல்றாங்க. பைபாஸை முழுசா மூடு.”

என் கை பைபாஸ் வால்வின் சக்கரத்தின் மேல்தான் இருந்தது. மூசா என்னைப் பார்த்தான். அவன் மனைவி அந்தக் கூட்டத்தில் முன் வரிசையில் இருந்தாள். மலையிலிருந்து ஆளுக்கொரு கொடி கொடுத்து இறக்கியிருந்தார்கள்.

“மூடித்தான் சார் இருக்கு” என்றேன். “இவ்வளவுதான் வரும்.”

பைபாஸ் திறந்திருப்பது அவருக்குத் தெரியும். எத்தனை சுற்று என்றுகூடத் தெரியும், காலையில் பார்த்துவிட்டுத்தான் போனார்.

“நல்லது,” என்றார். பிறகு பக்கத்தில் இருந்தவரிடம் தன் மொழியில் ஏதோ சொன்னார். போன் நின்றது.

ஒரு வாரத்தில் லின்னை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தண்டனையா பதவி உயர்வா என்று அவரே சொல்லவில்லை. கிளம்பும்போது என் டெஸ்ட் ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்து, “இதுதான் உண்மையான காகிதம். நீயே வச்சுக்கோ” என்றார். நான் மூன்று ஜாயின்ட்டின் அளவையும் படமாகப் போட்டு மூசாவிடம் கொடுத்தேன். பைபாஸ் வால்வைச் சங்கிலியால் கட்டிப் பூட்டினோம், யாரும் தெரியாமல் மூடிவிடக் கூடாது என்று. மலையில் பாதிக்குத் தண்ணீர் வந்தது. மேல் பாதி பழையபடி இறங்கி ஏறியது. இறங்க வேண்டிய தூரம் பாதியானது என்று சொல்லலாம். மூசா சொல்லவில்லை.

எந்த நாட்டுக்காரன் பரவாயில்லை என்று கன்னியப்பன் இப்போதும் கேட்பான். டேல் ஆட்கள் எல்லாத் தவறையும் எழுதிவைத்தார்கள், ஒரு சொட்டுத் தண்ணீர் தரவில்லை. லின் ஆட்கள் எந்தத் தவறையும் எழுதவில்லை, பாதி மலைக்குத் தண்ணீர் தந்தார்கள். அந்த ஊரில் ஓட்டு வைத்தால் லின்தான் ஜெயிப்பார். எனக்கு அதில் முழுச் சம்மதம் கிடையாது. எதிர்த்துப் பேச வாயும் கிடையாது. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு வல்லரசு அடுத்தவன் ஊரில் என்ன செய்யும் என்று அறிய அவன் கொடியையும் பேச்சையும் பார்த்துப் பயனில்லை. அவன் வீட்டில் யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று பார்க்க வேண்டும். கன்னியப்பனின் ஃபிளாஞ்ச் பெட்டிகள் கிடப்பதும் அதனால்தான். அங்கே ஏதோ ஒரு ஊரில் மூடிப்போன பட்டறைக்காரனின் ஓட்டு யாருக்கோ வேண்டியிருக்கிறது.

இதை இவ்வளவில் முடித்துக் கொடுத்துவிட்டேன். கன்னியப்பனும் அச்சுக்குக் கொடுக்க எடுத்து வைத்துவிட்டான். அதற்குள் மூசா வீடியோ காலில் வந்தான். அதனால் திருப்பி வாங்கி இதையும் எழுதுகிறேன்.

அவர்கள் நாட்டில் தேர்தல் நடந்து ஆட்சி மாறியிருக்கிறது. கல்லில் பழைய அதிபரின் பெயர் இருப்பதால் புதுக் கட்சி ஆட்கள் பீடத்தை உடைத்திருக்கிறார்கள். யாரும் பைப்புக்காக உடைக்கவில்லை. மூசா என் படத்தை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான். உடைத்த மறுநாளே புதுக் கல்லுக்கு ஒரு பக்கம் கான்கிரீட் ஊற்றிவிட்டார்கள். அதன் அடியில் ஒரு ஜாயின்ட் போய்விட்டது. மற்ற இரண்டும் திறந்து கிடந்தன. கன்னியப்பன் லேத்தை நிறுத்திவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். எதிரெதிர் போல்ட், மூன்று சுற்று, நான் சொல்லச் சொல்ல மூசா முடுக்கினான். புதுக் கல்லில் வேறு ஒரு நாட்டின் பெயர் வரப்போவதாகச் சொன்னான். எந்த நாடு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் அங்கே சந்தை விடுமுறை. பீடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஆளை விலக்கிவிட்டு, பம்ப்பை ஓட்டி, பைபாஸைக் கால் சுற்று கால் சுற்றாக மூடினான். போன் கேமராவைக் காஜுக்கு நேராக வைத்திருந்தான். ஐந்து. ஆறு. ஒவ்வொரு கிலோவுக்கும் பத்து நிமிஷம் காத்திருக்கச் சொன்னேன். சந்தையில் நின்ற அவன் ஆள் தரை காய்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். ஏழில் ஐந்தாவது நிமிஷம், கான்கிரீட்டின் ஓரத்தில் மண் ஈரமாகிக் கறுக்கிறது என்றான்.

“நிறுத்து” என்றேன்.

“எட்டுக்கு ஒண்ணுதான் பாக்கி,” என்றான் மூசா.

“தெரியும். நிறுத்து. ஆறரைக்கு இறக்கிக் கட்டிடு.”

அவன் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. கன்னியப்பன் என் முகத்தைப் பார்த்தான், போனைப் பார்த்தான். பிறகு முள் மெதுவாகப் பின்னால் வந்து ஆறரையில் நின்றது. சங்கிலி போடுகிற சத்தம் கேட்டது.

ஆறரை என்றால் எந்த வீடு வரை என்று கேட்டேன். அவன் மலையை அண்ணாந்து பார்த்து எண்ணினான். தன் வீட்டுக்குக் கீழே ஒன்பதாவது வீடு என்றான்.